மண்ணுக்குள் உறங்குவதாகச் சொன்னாய்

காங்வொன், கொரியா
2022 பெப்ரவரி 20

அன்புள்ள பூரணி அக்காவுக்கு,

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து பல மாதமாகிவிட்டது. அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு எழுதியதற்குப் பிறகு கையால் எழுதும் முதல் கடிதம் இது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைக் கொண்டுவரும் சஜீவன் ஹட்டன் பையன். என்னோடு ஒரே பண்ணையில் வேலை செய்தவன். விசா முடிந்து ஊருக்கு வருகிறான்.

அப்பா இறந்தபோது கொரோனாவால் பிளேன் ஓடவில்லை. அது உங்களுக்கும் தெரியும். முகத்தையாவது வீடியோவில் பார் என்று நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தபோது நான் போனை அணைத்து வைத்ததுதான் உங்கள் கோபம். என்னால் பார்க்க முடியவில்லை அக்கா. இதற்கு மேல் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சஜீவனிடம் ஒரு பிளாஸ்க் இருக்கும். அதற்குள் ஈரப் பாசியில் சுற்றிய ஜின்செங் விதைகள். இங்கே நான் பார்க்கும் வேலை அதுதான். மருந்துக் கிழங்கு, மனிதனுக்குக் கைகால் பிரிவது போலப் பிரிந்து வளரும். பலர் வயலில் கறுப்புத் துணிப் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். என் முதலாளிப் பெரியவர் அப்படிச் செய்வதில்லை. மலைக்காட்டுக்குள் மரநிழலில் ஊன்றிவிட்டு, காட்டுச்செடியைப் போலவே வளர விடுகிறார். அதற்குத்தான் மதிப்பு. உரமும் வேண்டாம், மருந்தடிப்பும் வேண்டாம். நிழலும் சரிவும் உதிர்ந்த இலைகளும் இருந்தால் போதும். கிழங்கு தேற ஆறேழு வருடம் ஆகும்.

அந்தக் காட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் நம் நிலம் ஞாபகம் வருகிறது. அப்பா கரட்டும் லீக்ஸும் போட்ட துண்டுக்கு மேலே, ஓடைக்கரையில், வெட்டாமல் விட்டுவைத்தாரே அந்தக் காடு. அப்படியே இந்த இடம் மாதிரி. பட்டிப்பொலவைவிடக் குளிரான இடம் நம் நாட்டில் எங்கே இருக்கிறது? பத்திரம் என் பேரில் இருந்தாலும் நிலம் நம் இரண்டு பேருக்கும்தான். வருகிறதில் பாதி உங்களுக்கு.

மச்சானுக்கு மரங்களை வெட்டி உருளைக்கிழங்கு போடும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விடச் சொல்லுங்கள். நிழல் போனால் எல்லாம் போய்விடும்.

தம்பி
நிரஞ்சன்


பட்டிப்பொல
2022 மே 8

தம்பி நிரஞ்சனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடத்தான் போனேன். அடுப்பில் நெருப்பு இல்லை. காஸும் இல்லை, விறகும் ஈரம். அதனால் தப்பித்தது.

அப்பா முகத்தைப் பார்க்க முடியாதவனுக்கு அப்பா நிலம் மட்டும் ஞாபகம் வருகிறதா? கேட்டுவிட்டேன். இனி இதைப் பேச மாட்டேன்.

உன் மச்சான் சுதாகரன் விதையைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒந்தம்பிக்கு அங்க வேல பத்தல போல, நமக்கும் சேத்து அனுப்பியிருக்கான்" என்றார். அவருக்கு அந்தக் காட்டின்மேல் கண் இருந்தது உண்மைதான். இந்த வருடம் உரப் பசளை கிடைக்கவில்லை, கீழே போட்ட உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவுக்குத்தான் வந்தது. மேலே புது மண் என்றால் பசளை இல்லாமலே விளையும் என்பது அவர் கணக்கு. நான் விடவில்லை.

தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, ரூபிகா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேருமாக ஏறுவோம். நீ சொன்னபடி மரத்தடிச் சரிவில் இலைகளை விலக்கி ஊன்றினோம். டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே மட்டும் போடவில்லை, அது தண்ணீரை உறிஞ்சிவிடும். உள்ளே இருக்கிற பழைய மரங்களுக்குக் கீழேதான் பாத்தி.

வந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். ஒரு நூல் காம்பு, அதன் உச்சியில் மூன்று இலை. அவ்வளவுதான் செடி. ரூபிகா சட்டை நனைவதையும் பார்க்காமல் குப்புறப் படுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பதின்மூன்று வயசாகியும் இன்னும் குழந்தைத்தனம். மாமா செடி என்றுதான் சொல்கிறாள். அப்பா போனதற்குப் பிறகு, உன் விதை வரும்வரைக்கும் நான் அந்தக் காட்டுக்குள் போனதே இல்லை.

உன் நம்பரை இன்னும் திறக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகையும் ஏச்சும் ஒன்றாக வரும். எழுது. படிக்கிறேன்.

அக்கா


காங்வொன்
2022 ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். மூன்று இலை என்றால் அது ஜின்செங்தான், களை இல்லை. அடுத்த வருடம் ஐந்து இலை வரும். அதற்கடுத்த வருடம் இரண்டு கிளை பிரியும். பெரியவரிடம் சொன்னேன். "இலங்கையிலயா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினார்.

இலை பழுத்து விழும். பயப்படாதீர்கள். மேலே செத்தது போலத் தெரியும், கீழே கிழங்கு உறங்கும். குளிர் முடிந்ததும் எழுந்து வரும். தோண்டிப் பார்க்க மட்டும் வேண்டாம், வேர் அறுந்தால் அழுகிவிடும். மேலே இலைகளைப் போட்டு மூடிவையுங்கள்.

ஊரில் டீசலும் இல்லை, கரண்டும் இல்லை என்று நியூஸில் பார்க்கிறேன். இங்கே வயிறு நிறையச் சாப்பிடுவதற்கே கூச்சமாக இருக்கிறது. நான் வந்ததும் அந்தக் காட்டோரமாக நாம் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் அக்கா. இதை நினைத்துக்கொண்டுதான் நாட்கள் ஓடுகின்றன.

தம்பி
நிரஞ்சன்


பட்டிப்பொல
2022 டிசம்பர் 4

தம்பி,

நீ சொன்னது போலவே இலைகள் மஞ்சளாகி விழுந்துவிட்டன. சொல்லியிருந்தாய் என்பதால் பயப்படவில்லை. பாத்தி முழுக்க இலை போட்டு மூடி, பன்றி கிளறாமல் இருக்க முள்ளுக் கொப்புகளை வைத்திருக்கிறோம்.

இப்போது நான் கேட்கப்போவது வேறு. நாங்கள் இருக்கிற காம்பராவின் பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு விழுந்திருக்கிறது. என் கை உள்ளே போகிறது. லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற மண் மேடு நகருகிறதாம். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, பெருமழை நேரத்தில் உள்ளே படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே படுப்பதென்று சொல்லவில்லை. தோட்டத்து ஆபிசில் கேட்டால், வீட்டுத் திட்டம் வரும்போது பேர் வரும் என்கிறார்கள்.

உன் நிலத்தில் காட்டுக்குப் பக்கத்தில், ஓடைக்கு இந்தப் பக்கம், கல் மண்ணாக ஒரு சமதரை இருக்கிறதே. அந்த இடத்தில் இரண்டு அறை மட்டும் போட்டுக்கொள்ளலாமா? மரம் ஒன்றிரண்டைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். நிலத்தின் பேரை மாற்றித் தா என்று கேட்கவில்லை. இருக்க இடம்தான் கேட்கிறேன். உன் மச்சான் கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன்.

அக்கா


காங்வொன்
2023 ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே எல்லாம் உறைந்து கிடக்கிறது.

நீங்கள் கேட்டதைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் யோசித்தேன். ஆனால் அக்கா, இப்போது அங்கே மரத்தை எடுத்தால் வெயில் விழும். சிமெண்டு கலக்கும் தண்ணீர் சரிவில் இறங்கும். ஆட்கள் நடந்தால் மண் இறுகிவிடும். இத்தனை பாடுபட்டது வீணாகப் போகும். கொஞ்சம் பொறுங்கள். நான் வந்ததும் எல்லாவற்றையும் பார்த்து, மூன்று அறையாகவே கட்டலாம்.

பெரியவரிடமும் கேட்டேன். கிழங்கு உறங்குகிறது என்கிறார். புது இடம் என்பதால் சில கிழங்கு இரண்டு வருடம்கூட உறங்குமாம். அதனால் இந்த வருடம் வராவிட்டால் பதற வேண்டாம். தோண்ட வேண்டாம்.

சுவர்ப்பக்கம் ரூபிகாவைப் படுக்க வைக்காதீர்கள்.

நிரஞ்சன்


பட்டிப்பொல
2023 ஆகஸ்ட் 20

தம்பி,

எதுவும் வரவில்லை. தை மாதம் இந்த முறை நல்ல பனி. உருளைக்கிழங்குச் செடி எல்லாம் கருகிப்போயிற்று. கீழே எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், குளிர் கிடைத்ததே என்று. சித்திரை வந்தது, வைகாசி வந்தது. காட்டு இஞ்சி முளைத்தால்கூட ஓடிப்போய்க் குனிந்து பார்க்கிறேன். ரூபிகா கேட்பதை விட்டுவிட்டாள். நீ சொன்னாய் என்பதால் தோண்டவில்லை.

ஆடி மாத மழையில் பின்சுவர் விழுந்துவிட்டது. பகலில் விழுந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரூபிகாவின் புத்தகங்கள் எல்லாம் மண்ணோடு போயின. இப்போது அந்தப் பக்கம் தரப்பாள் கட்டியிருக்கிறோம். காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொள்கிறது, தூங்க முடியாது.

அன்றைக்கு உன் மச்சான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே கிளம்பினார். சமதரையை வெட்டுகிறேன், யார் தடுப்பது பார்க்கிறேன் என்றார். நான்தான் தடுத்தேன். பாதையில் குறுக்கே நின்றேன். எல்லோரும் பார்க்கச் சண்டை. "மண்ணுக்குள்ள ஒண்ணுமே இல்ல பூரணி. ஒந்தம்பி ஒன்ன காவக்காரியா வச்சிருக்கான்" என்றார். நான் அவரை என்னென்னவோ பேசிவிட்டேன். மறுநாள் அவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். செலவுக்கு அனுப்புகிறார். என்னோடு பேசுவதில்லை.

இதை உனக்குக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீ எப்போது வருகிறாய்?

அக்கா


காங்வொன்
2023 நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுவர் விஷயம் படித்து மனசு சரியில்லை. இந்த வருடம் லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. ஆள் குறைவு என்கிறார்கள். மச்சான் நல்லவர், கோபம் ஆறினால் வந்துவிடுவார்.

தை மாதப் பனி இன்னொரு முறை வரட்டும். அதுவரை பொறுங்கள். காட்டில் மரங்கள் எல்லாம் நிற்கின்றனதானே? யாரும் விறகுக்குக்கூட வெட்டவில்லைதானே? ஒரு வரி எழுதுங்கள்.

நிரஞ்சன்


பட்டிப்பொல
2024 பெப்ரவரி 11

நிரஞ்சன்,

போன புதன்கிழமை காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நிற்கும்போதே வீரம்மா ஓடிவந்தாள். எங்கள் பக்கத்துக் காம்பராக்காரி. மேலே காட்டுக்குள் ஆட்கள் கயிறு பிடித்து அளக்கிறார்கள் என்றாள். நான் கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஏறினேன். சர்வேயர் ஒருவர், கம்பி நடுவதற்கு இரண்டு பேர், தொப்பி போட்ட ஒரு கொழும்பு மனிதர். அவர்கள் நின்றது பாத்தியின்மேல். கண்டபடி ஏசினேன். சிங்களத்தில் எனக்கு அவ்வளவு வரும் என்று எனக்கே தெரியாது. பொலிசைக் கூப்பிடுவேன் என்றேன்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். நிலம் இப்போது தன்னுடையது, டிசம்பர் மாதம் நுவரெலியாவில் லோயர் வீட்டில் வைத்து உங்கள் தம்பி எழுதிக் கொடுத்தார் என்றார். நான் நம்பவில்லை. என் தம்பி கொரியாவில் இருக்கிறான், அவனுக்கு லீவே கிடைக்கவில்லை என்றேன். அவர் தன் போனைத் திறந்து படத்தைக் காட்டினார். நீலச் சட்டை போட்டிருந்தாய். கொஞ்சம் சதை வைத்திருக்கிறாய். முன்னால் தேத்தண்ணி இருந்தது.

உல்லாசப் பயணிகளுக்கு மரங்களுக்கு நடுவில் சின்னச் சின்ன வீடு கட்டப்போகிறாராம். இந்தப் பக்கத்தில் இப்படி வெட்டுப்படாத காடு வேறு எங்கும் இல்லையாம். அப்புறம் அவர் சொன்னார், பாராட்டுகிறவர் போலவே சொன்னார்: "உங்க தம்பி பயப்படாதீங்கன்னாரு. அக்கா பாத்துக்கிறாங்க, ஒரு கொப்பக்கூட வெட்ட விடமாட்டாங்கன்னாரு."

நுவரெலியாவிலிருந்து இங்கே பஸ்ஸில் எவ்வளவு நேரம் நிரஞ்சன்? நீ மறந்திருப்பாய். நான் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி கொண்டுபோய் விற்றுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருகிற தூரம் அது.

அவர்கள் போனதும் தோண்டினேன். கையாலேயே தோண்டினேன். மேல் பாத்தியிலிருந்து கீழ்ப் பாத்தி வரைக்கும். ஒன்றுமே இல்லை. இரண்டு மூன்று இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு தோல், தொட்டதும் கரைந்துபோயிற்று.

மறுநாள் ஹட்டனுக்குப் போய் சஜீவனைப் பிடித்தேன். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்க்க மாட்டேன் என்கிறான். வற்புறுத்திக் கேட்டபிறகு சொன்னான். "மாசக்கணக்கா பனி ஒறைஞ்சாத்தான் அது முழிக்கும் அக்கா. நம்ம ஊருக்கு ஒரே ஒரு வருசம்தான். அவனுக்கு மொத வருசக் குளிர்லயே தெரியும். நான் போன்லயே சொல்லிடுடான்னேன்."

வீடு கட்ட இடம் கேட்டு நான் எழுதியபோதே உனக்குத் தெரியும். சிமெண்டுத் தண்ணீர் இறங்கும் என்று எழுதினாயே. செத்த கிழங்குக்கா?

நான் புருஷனைப் பாதையில் மறித்து நின்றேன். எதற்காக நின்றேன் என்று நீயே எழுது.

பூரணி


காங்வொன்
2024 மார்ச் 17

அக்கா,

முதலில் நான் நம்பித்தான் விதை அனுப்பினேன். இதை மட்டுமாவது நம்புங்கள்.

உங்கள் டிசம்பர் கடிதம் வந்ததும் பெரியவரிடம் கேட்டேன். எத்தனை மாதம் மண் உறையும் என்று கேட்டார். தை மாதத்தில் சில காலைகள் பனி விழும் என்றேன். தலையை ஆட்டினார். அனுப்பிய விதை இங்கே குளிர்பட்ட விதை, அதனால் முளைத்தது, இனி எழாது என்றார். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். எழுதினால் உங்கள் கடிதம் நின்றுவிடும் என்று தோன்றியது. அந்தச் செடி வந்தபிறகுதான் நீங்கள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டீர்கள். கொஞ்ச நாள் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். கொஞ்ச நாள் கழித்தால் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

நிலத்தைக் கேட்டு அந்த ஆள் என்னிடம் போனில் பேசியது பிறகுதான், 2023 நடுவில். இங்கே ஒருத்தியோடு என் வாழ்க்கை அமைந்திருக்கிறது. அவளும் நானும் சேர்ந்து சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்று எடுத்திருக்கிறோம். நான் இனி அங்கே வந்து இருக்கப்போவதில்லை அக்கா. மரம் நின்றால்தான் வாங்குவேன் என்றார் அவர். நீங்கள் ஏற்கெனவே காத்துக்கொண்டுதான் இருந்தீர்கள். நான் புதிதாக எதையும் செய்யச் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நுவரெலியாவில் பட்டிப்பொல பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் கிளம்புவதற்கு முன் இறங்கிவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று பயம்.

உங்கள் பங்கைப் பேங்கில் போடுகிறேன். அதில் நல்ல இடத்தில் வீடு கட்டலாம். ஒரே ஒரு தடவை போனைத் திறங்கள். என் வாயால் சொல்ல விடுங்கள்.

நிரஞ்சன்


பட்டிப்பொல
2024 மே 5

நிரஞ்சன்,

ஏறினேன், இறங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். ஏறாமலே போயிருந்தாலும் எனக்கு அதுதான்.

பணம் வந்திருக்கிறது. திருப்பி அனுப்புவேன் என்று எதிர்பார்த்திருப்பாய், அப்படி அனுப்பியிருந்தால் உனக்கும் பாரம் இறங்கியிருக்கும். அனுப்ப மாட்டேன். அப்பா கொந்தராத்து வேலை பார்த்துச் சேர்த்து வாங்கிய மண் அது. அவரோடு சேர்ந்து கல் பொறுக்கியவள் நான். நீ அப்போது கைக்குழந்தை. ஆம்பிளைப் பிள்ளை பேரில் எழுதுவோம் என்று அப்பா சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. இப்போது என் பங்கை எடுத்துக்கொள்கிறேன். இதற்கும் மன்னிப்புக்கும் சம்பந்தம் இல்லை.

கடிதம் நின்றுவிடும் என்று பயந்ததாக எழுதியிருக்கிறாய். அதை மட்டும் பல முறை படித்தேன். செடி செத்துவிட்டது அக்கா என்று எழுதியிருந்தால் நான் ஒரு வாரம் அழுதிருப்பேன். அப்புறம் உன் நம்பரைத் திறந்திருப்பேன்.

அந்தக் கொழும்பு மனிதர் மறுபடி வந்தார். காட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், உங்களைவிட யார் இருக்கிறார்கள், சம்பளம் தருகிறேன் என்றார். நல்ல மனிதர்தான். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. நானும் சொல்லவில்லை.

சுவர் இல்லாத காம்பராவுக்கு உன் மச்சான் திரும்பி வந்திருக்கிறார். நான் கூப்பிடப் போனேன், கொழும்புக்கே போனேன். அவர் வேலை செய்கிற கட்டிடத்துக்கு வெளியே வெயிலில் நின்று, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். சொல்லிக் காட்டுவார் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்.

நாங்கள் இந்த மாதமே இங்கிருந்து போகிறோம். ரூபிகாவுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது. எந்தப் பக்கம் என்று எழுத மாட்டேன். மாமாவுக்கு ஏதாவது எழுதுகிறாயா என்று அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டாள்.

என்றைக்காவது மனசு கேட்காமல் வந்து, பட்டிப்பொல ஸ்டேஷனில் இறங்கி எங்களை விசாரிப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால் வீரம்மாவிடமும், கடைக்காரரிடமும், ஸ்டேஷனில் இருக்கிறவர்களிடமும் சொல்லிவிட்டுப் போகிறேன், பூரணி எங்கே என்று ஒருவன் கேட்டால் தெரியாது என்று சொல்லச் சொல்லி. யார் கேட்பார்கள் என்று கேட்டார்கள். நிலம் வாங்க வந்த ஆள் என்றேன்.

பூரணி